களை என்று பேர் வாங்கிய கிந்தாப் பூ



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். எந்த மன்னரைப் பற்றி எழுதுவது, எந்தப் போரைப் பற்றி எழுதுவது என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. அதனால் மன்னர்களை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு செடியின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். செடிக்கு வரலாறா என்று சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துப் பாருங்கள். அது உங்கள் வரலாறாகவும் இருப்பதைக் காண்பீர்கள்.

அந்தப் பையனின் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய சில்லறை இருக்கிறதாம். அதிலிருந்து ஒரு காசு நாணயம் ஒன்றை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தான். 1980-களின் நடுப்பகுதியில் வெளியிடத் தொடங்கி, 2002-க்குப் பிறகு சிங்கப்பூர் நிறுத்திவிட்ட நாணயம் அது.

"சார், இங்க பாருங்க, நம்ம தமிழ்ல சிங்கப்பூர்னு எழுதியிருக்கு!" என்றான். ஆமாம், நான்கு மொழிகளில் தமிழும் ஒன்றாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் ஒரு பூ.

"இது என்னா பூ சார்?"

"சிங்கப்பூரோட தேசிய மலர்டா. மிஸ் ஜோக்கிம்னு ஓர் ஆர்க்கிட் பூ."

"அது சிங்கப்பூர்ல மட்டும்தான் இருக்குமா? நம்ம ஊர்ல இல்லியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன்யா" என்று சொல்லி அனுப்பினேன். ஆசிரியர் என்று பேர்தான். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பிறகுதான் நாமும் படிக்க உட்காருகிறோம்.

படித்துப் பார்த்தபோது எனக்கே வியப்பு. அந்தத் தேசிய மலர் ஒரு கலப்புப் பூ. இரண்டு செடிகளைச் சேர்த்து உண்டாக்கியது. அந்த இரண்டில் ஒன்றின் பெயர் 'கிந்தாக் களை'. கிந்தா என்பது வேறு எந்த ஊரும் இல்லை. ஈப்போவும் பத்து காஜாவும் கோப்பெங்கும் கம்பாரும் இருக்கும் நம் கிந்தாப் பள்ளத்தாக்குத்தான்!

காலில் தண்ணீர், தலையில் வெயில்

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம்.

நம் பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். நடுவில் அங்கங்கே சுண்ணாம்புக் குன்றுகள். இவற்றுக்கிடையே கிந்தா ஆறு தெற்கு நோக்கி ஓடிப் பேராக் ஆற்றில் கலக்கிறது. இரண்டு பக்கத்து மலைநீரும் இறங்கித் தேங்குகிற தாழ்ந்த நிலத்தில், ஒரு காலத்தில் காடும் சதுப்புமாக இருந்தது. நம் வட்டாரத்தில் 'பாயா' என்கிறோமே, அதுதான்.

மரங்கள் அடர்ந்த இடம் முடிந்து நீர் தேங்கி நிற்கும் வெட்டவெளியில், தாழை இனத்துப் புதர்களுக்கும் கோரைகளுக்கும் நடுவே இந்தச் செடி வளரும். மற்ற பல ஆர்க்கிட்கள் மரக்கிளையில் நிழல் தேடி ஒட்டிக்கொள்ளும். இது அப்படியல்ல. அடியில் ஈரம் வேண்டும், தலையில் நல்ல வெயில் வேண்டும். தண்டும் மெலிது, இலையும் மெலிது. இலை தட்டையாக இராது. உருண்டு நீண்டு பென்சிலைப் போல இருக்கும். நுனிக்குச் சற்றுக் கீழே யாரோ நூல் கட்டி இறுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். தன் காலில் தானே நிற்க வலுவில்லாததால் பக்கத்துப் புதர்மேல் சாய்ந்து, தண்டிலிருந்தே வேர்விட்டுப் பற்றிக்கொண்டு, ஆள் உயரத்துக்கும் மேலே ஏறும்.

இது ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்துச் செத்துப்போகும் செடியும் அல்ல. அடி மக்கிக்கொண்டே வர, நுனி வளர்ந்துகொண்டே போகும். பல ஆண்டு வாழும்.

பூவின் இதழ்கள் வெளிறிய ஊதா கலந்த வெண்மை. கீழே விசிறிபோல் விரிந்த ஓர் அகன்ற உதடு. அதில் கருஞ்சிவப்பு ஊதாவில் கோடும் புள்ளியும். பச்சைக் கோரைக்கு நடுவே பட்டாம்பூச்சி உட்கார்ந்ததுபோல் இருக்கும். தாவர நூலார் இன்று இந்த இனத்துக்கு வைத்திருக்கும் 'பப்பிலியோநாந்தே' என்ற பெயருக்குப் பொருளே பட்டாம்பூச்சிப் பூ என்பதுதான்.

இன்னொன்றையும் இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிட் விதை தூசியைவிடச் சற்றே பெரிது. அதற்குள்ளே முளைக்குச் சாப்பாடு கிடையாது. நெல்லிலும் பயற்றிலும் இருப்பதுபோல் தாய் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டை அதற்கு இல்லை. விழுந்த மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் அது பிழைக்கும். ஆகவே இந்தச் செடிக்கு மண் என்பது வெறும் தரை அல்ல, அதுவே தாய்வீடு. தாய்வீடு போனால் விதை கோடி விழுந்தாலும் பயனில்லை.

பூவுக்கு நிலமா, நிலத்துக்குப் பூவா?

நம் முன்னோர் நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்தார்கள். மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல். ஒரு நிலத்தை அடையாளம் காட்ட அதில் வளரும் செடியைவிட நல்ல சாட்சி இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மலாய்க்காரர்களும் அப்படியே செய்தார்கள். ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பாலில் நஞ்சுண்டு. பழங்குடி மக்கள் வேட்டை அம்பில் தடவுவார்கள். ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் அந்த மரத்தை இன்றும் பார்க்கலாம். தஞ்சோங் துவாலாங் என்ற ஊரின் பெயரிலும் ஒரு மரம் இருக்கிறது. மலைத் தேனீக்கள் கூடு கட்டும் வானளாவிய மரம் துவாலாங்.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது முறை மாறியது. அவர்கள் செடிக்கு ஆளின் பெயரை வைத்தார்கள். 1856-ஆம் ஆண்டில் ரைக்கன்பாக் என்ற ஜெர்மானியத் தாவர நூலார் இந்தச் செடிக்கு 'வந்தா ஹூக்கரியானா' என்று பெயர் சூட்டினார். 'வந்தா' என்பது நம் இந்தியாவில் மரத்தில் ஒட்டி வளரும் செடிக்கு வழங்கிய வடமொழிச் சொல். 'ஹூக்கர்' என்பது இலண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தை 1841 முதல் 1885 வரை அப்பாவும் மகனுமாக நடத்திய குடும்பத்தின் பெயர். ஏட்டில் இது பெரிய இடத்துப் பெயர்தான். ஆனால் கிந்தாவில் இருந்தவர்கள் வாயில் வழங்கிய பெயர் வேறு. எங்கு பார்த்தாலும் மண்டிக் கிடந்ததால் 'கிந்தாக் களை' என்று சொல்லிவிட்டார்கள்.

நாம் நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்தோம். அவர்கள் பூவுக்கு நிலத்தின் பெயரை வைத்து, கூடவே களை என்ற பட்டத்தையும் கட்டிவிட்டார்கள்.

ஒரே தோட்டத்தின் வழியாக இரண்டு பயணம்

இனிமேல்தான் நாமும் இந்தக் கதைக்குள் வருகிறோம்.

1876-ஆம் ஆண்டில் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்போது அங்கே தலைவராக இருந்தவர் ஹூக்கர் குடும்பத்தின் மகன் ஜோசப் ஹூக்கர். மறு ஆண்டு, 1877-இல், 22 இளங்கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்கால மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றிய மரம் எது என்று அவர்களும் பார்க்கட்டும்.

அந்தக் கன்றுகளைக் கோலகங்சாரில் பேணியவர் அன்றைய பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ. 1877 முதல் 1889 வரை அந்தப் பதவியில் இருந்தவர். அவர் பிறந்த குடும்பம் என்ன தொழில் செய்தது தெரியுமா? இலண்டனில் செடி கொடி விற்கும் நாற்றுப்பண்ணை. ஆர்க்கிட் வாணிகத்தில் பேர் பெற்ற பண்ணை. அவரே இளவயதில் போர்னியோக் காடுகளில் செடி தேடித் திரிந்தவர்தான்.

அடுத்து வந்தவர் ஹென்றி ரிட்லி. 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்தார். ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று காப்பித் தோட்டத் துரைமார்களை விடாமல் தொல்லை செய்தார். சட்டைப் பையில் விதை வைத்துக்கொண்டே திரிந்தாராம். அவருக்கு 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பட்டப்பெயர். மரத்தைக் கொல்லாமல், மீன்முள் போலப் பட்டையில் கோடு கீறி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. உங்கள் கையில் இருந்த வெட்டுக் கத்திக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர் என்று சொல்லலாம். 1905-க்குப் பிறகு மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டு ரப்பர் விலை ஏறியபோது, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். நம் குடும்பங்கள் பலவும் அப்படி வந்தவைதாம்.

இந்த ரிட்லிதான், 1893-ஆம் ஆண்டில் ஒரு புதிய ஆர்க்கிட் பூவை உலகத்துக்கு அறிவித்தார்.

ஆக்னெஸ் அம்மையாரின் பூ

சிங்கப்பூரில் ஆக்னெஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனிய இனப் பெண்மணி இருந்தார். 1854-இல் பிறந்தவர். தோட்டக்கலையில் கை தேர்ந்தவர். அவர் பர்மா, சயாம் பக்கத்துச் செடியான 'வந்தா தேரஸ்' என்பதையும் நம் கிந்தாக் களை இனத்தையும் சேர்த்து ஒரு புதிய செடியை உண்டாக்கினார். ரிட்லி அதற்கு அவர் பெயராலேயே 'வந்தா மிஸ் ஜோக்கிம்' என்று பெயர் வைத்து, இலண்டனில் வெளிவந்த ஒரு தோட்டக்கலை வார இதழில் எழுதினார்.

பிள்ளைக்குத் தாய் தந்தை இருவரின் சாயலும் இருக்குமல்லவா? இந்தப் பூவின் ரோஜா கலந்த ஊதா நிறத்தில் தேரஸின் சாயல். அகன்று விரிந்த உதட்டில் கிந்தாக் களையின் சாயல். தேரஸ் வறண்ட பருவம் உள்ள நாட்டுச் செடி. ஆண்டு முழுதும் மழை பெய்யும் நம் பக்கத்தில் அது தாராளமாகப் பூப்பதில்லை. கலப்பில் பிறந்த பிள்ளையோ ஆண்டு முழுவதும் பூத்துக் குலுங்குகிறது.

1899-இல் சிங்கப்பூர் மலர்க் கண்காட்சியில் இந்தப் பூவுக்கு முதல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் ஆக்னெஸ் அம்மையார் புற்றுநோயால் காலமானார். வயது 45. பூ மட்டும் ஊர் ஊராகப் போனது. கிளையை ஒடித்து நட்டால் வளரும் என்பதால் மலாயா வீடுகளில் வேலியோரம் ஏறியது. ஹவாய்த் தீவுகளுக்குப் போய், அங்கே விருந்தினருக்குப் போடும் மாலையானது. 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், அன்றைய கலாசார அமைச்சர் எஸ். தனபாலன் என்ற தமிழர், இதுவே சிங்கப்பூரின் தேசிய மலர் என்று அறிவித்தார். பல இனம் கலந்து வாழும் நாட்டுக்குக் கலந்து பிறந்த பூ!

ஆனால் பாருங்கள், இதை அந்த அம்மையார் தம் கையால் உண்டாக்கவில்லை, தோட்டத்தில் தற்செயலாக முளைத்ததைக் கண்டெடுத்தார், அவ்வளவுதான் என்று பல காலம் ஒரு வாதம் நடந்தது. 2016-ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர் அரசுத் துறைகள் 'உண்டாக்கியவர் அவரே' என்று முறையாக ஏற்றுக்கொண்டன. உழைத்தவர் பெயர் ஏட்டில் ஏற 120 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு இந்த வலி புதிதல்ல.

சதுப்பு எங்கே போனது?

பிள்ளைக்குத் தேசிய மரியாதை கிடைத்துவிட்டது. பெற்ற செடி என்ன ஆயிற்று?

அதன் காலடியில் ஈயம் இருந்தது. அதுவே அதற்கு எமனாக வந்தது. மலையிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளாக ஆறு அரித்துக் கொண்டுவந்த ஈய மணல், பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறைமேல் படிந்து கிடந்தது. மேலே சதுப்பு, கீழே ஈயம். 1880-களில் சீனர்கள் கூட்டங்கூட்டமாகக் கிந்தாவுக்கு வந்தார்கள். முதலில் மண்வெட்டியும் கூடையும். பிறகு தண்ணீரைப் பீய்ச்சியடித்து மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றுநீரைப் பம்பு வைத்து உயரமான மரவாய்க்காலில் ஏற்றிவிடும் 'பாலோங்' முறை. கனமான ஈயம் அடியில் தங்கும். மணலும் சேறும் வழிந்து வெளியே போகும். போன சேறு ஆற்றை நிரப்பியது, பாயாவை மூடியது.

1910-களில் இராட்சதக் கப்பல்கள் வந்தன. கடலில் போகும் கப்பல் அல்ல. தானே தோண்டிக்கொண்ட குளத்தில் மிதந்தபடி, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் மண்ணை வாரி வாரி விழுங்கும் கப்பல். தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் அப்படி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1938-இல் கட்டியது. எடை 4,500 டன். 1982 வரை வேலை செய்தது. நம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது அவர்கள் வாளியைத் தொட்டுப் பார்த்து வாய் பிளந்தார்கள். அன்று எனக்கு இந்தப் பூவைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால், "இந்த வாளி அள்ளியது ஈயத்தை மட்டும் இல்லடா" என்று சொல்லியிருப்பேன்.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று நெடுஞ்சாலையில் போகும்போது இருபக்கமும் தெரியும் குட்டைகளும் வெள்ளை மணல் மேடுகளும் அந்தக் காலத்தின் தழும்புகள். சில குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள், பத்து காஜாப் பக்கத்துக் குட்டைகளுக்குக் கொக்கும் நாரையும் திரும்பி வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஆழக் குட்டை வேறு, பாயா வேறு. தூசி விதைக்குச் சோறூட்டிய அந்தப் பழைய மண் புரட்டப்பட்டுவிட்டது. கிந்தாவில் களையாக மண்டிக் கிடந்த பூவை இங்கே காட்டில் நேரில் பார்த்தேன் என்று சொல்கிற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

களை என்பது யார் கணக்கு?

'களை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு என் அம்மாவின் நினைவு வரும். அம்மா தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தவர். இருட்டோடு பெரட்டுக்குப் போய், முதுகு வளைந்து புல்வெட்டி, மத்தியானம் வீடு வரும்போது கையெல்லாம் லாலாங் புல் கிழித்த கோடாக இருக்கும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டார்கள். ஆகவே களை எடுப்பதைக் குறைவாகப் பேச நான் வரவில்லை.

ஆனால் வரலாறு வேறொன்றும் சொல்கிறது. ரப்பர் தொடங்கிய காலத்தில், மரத்தடியில் ஒரு புல்கூடத் தலைகாட்டக் கூடாது என்பது துரைமார்களின் சட்டம். தரை துடைத்து வைத்த வாசல்போல் இருக்க வேண்டும். அப்படி வழித்து எடுத்ததால் என்ன ஆயிற்று? மழையில் மேல்மண் கரைந்து ஓடியது. ஆறு தூர்ந்தது. மரம் மெலிந்தது. பிறகுதான் புத்தி வந்து, மண்ணை மூடிக் காக்கும் கொடிப்பயிர்களை வேண்டுமென்றே வளர்த்தார்கள். நேற்று வரை தரையை மூடும் பச்சையெல்லாம் களை. இன்று அதையே விதை வாங்கி விதைத்தார்கள். அப்படியானால் களை என்பது செடியின் குணமா? இல்லை. அந்த நேரத்தில் யார் கணக்கு எழுதுகிறாரோ அவருடைய முடிவு.

சென்ற மாதம் பழைய தோட்டத்துப் பாட்டி ஒருவரிடம் இந்தப் பூவின் படத்தைக் காட்டினேன். அவர் துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். மிஸ் ஜோக்கிம் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது நம்ம துரை வூட்டு வேலிப் பூவாச்சே! நாந்தான் தண்ணி ஊத்துவேன். வாடிப்போனா அந்தம்மா கத்தும்" என்றார். பிறகு கிந்தாக் களையின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுவும் அதே ஜாதிதான் தம்பி. ஆனா இதுக்கு யாரு தண்ணி ஊத்துனா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

நிலம் போனால்

இந்தச் செடியின் கதையைப் படிக்கும்போது நம் தோட்டங்கள் கண்முன் வருகின்றன. 1950, 60-களில் தோட்டத் துண்டாடல் நடந்து, பெரிய தோட்டங்கள் கூறு போட்டு விற்கப்பட்டன. அப்போது நம் பேராக் சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். உழைப்பவன் காலடியில் அவனுக்கென்று நிலம் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நிலம் போனால் ஆளும் போவான் என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்தச் சங்கத்தால் எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியவில்லை. பிறகு பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது; செம்பனையும் சாய்ந்து சில இடங்களில் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்து வீடுகள் இடிந்தன. மக்கள் பட்டணத்து அடுக்கு வீட்டுக்கும் தாமானுக்கும் போனார்கள்.

நம் மாநிலத்தில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். தோட்டத்தின் பெயர் இருக்கும், தோட்டம் இருக்காது. கிந்தாக் களையும் அப்படித்தான். பெயரில் கிந்தா இருக்கிறது. கிந்தாவில் அதைக் கண்டவரை நான் காணவில்லை.

ஒரு வேறுபாடு உண்டு. செடியால் நடக்க முடியாது. நாம் நடந்து வந்துவிட்டோம். செடிக்குப் பேசத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆனால் எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் காடு, ஆற்றோரத்தில் என்ன மரம், கோயிலுக்குப் பின்னால் என்ன செடி என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்தப் பெயர்களும் போகின்றன. அது மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

எனவே, பெற்றோர்களே, மாணவர்களே, மூன்று செயல்களைச் செய்வோம்.

ஒன்று: இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், அங்கிருந்த ஆறு, மரம், மூலிகை ஆகியவற்றை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பள்ளி நூலகத்தில் வைப்போம்.

இரண்டு: பள்ளித் தோட்டத்தில் மிஸ் ஜோக்கிமையும் கிந்தாக் களையையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்க விரும்புகிறேன். வளர்ப்பவர்களிடம் அல்லது நாற்றுப்பண்ணையில் கேட்டு வாங்குவோம். காட்டிலோ பாயாவிலோ கண்டால் மட்டும் பிடுங்கி வராதீர்கள். அது பிழைத்திருக்கும் கடைசி இடமாக அது இருக்கலாம். பார்த்த இடத்தை என்னிடம் வந்து சொல்லுங்கள், போதும்.

மூன்று: எந்தச் செடியையும் களை என்று சொல்வதற்கு முன் அதன் பெயர் என்ன என்று கேளுங்கள். படிப்பில் சற்றுப் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து ஏதாவது சொல்ல வாய் வரும்போதும் இதையே நினைத்துக்கொள்ளுங்கள். இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே இதை எழுதினேன். நானும் ஒரு காலத்தில் கீழே உட்கார்ந்து கைதட்டியவன்தான்.

அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். "உன் காசுல இருக்கிற பூவைப் பெத்த செடிக்கு நம்ம ஊர் பேருதான்யா. நம்ம ஊர்ல நெறைய இருந்துச்சு. எங்க தாத்தா காலத்துல இருந்திருக்கணும்."

"இப்ப இல்லியா சார்?"

"தேடணும்."

"நான் தேடுறேன் சார்" என்றான். அந்த ஒரு காசை என்னிடமே கொடுத்துவிட்டான். எங்கள் வகுப்பு அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால், பூப்பக்கம் தெரியும்படி வைத்திருக்கிறேன். விழாவுக்கு வரும்போது எட்டிப் பாருங்கள்.